எவர்சில்வர் டம்ளர்: ஒன்றில் காந்தம் ஒட்டுகிறது, ஒன்றில் ஒட்டவில்லை. ஏன்?

கூடல்நகர் அம்மா

மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மூன்றாம் பருவ அறிவியலில் காந்தவியல் பாடம். வீட்டில் இருக்கும் பொருள்களைக் காந்தம் ஈர்ப்பவை, ஈர்க்காதவை என்று இரண்டு பத்தியாக எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தத்தை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். சாப்பாட்டுத் தட்டில் ஒட்டவே இல்லை. டிபன் பாக்ஸில் ஒட்டியது. பக்கத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களில் ஒன்று காந்தத்தைப் பிடித்துக்கொண்டது, அடுத்ததில் வழுக்கி விழுந்தது, இன்னொன்றில் விளிம்பில் மட்டும் லேசாகப் பிடித்தது. எல்லாமே எவர்சில்வர்தான். எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்கிறாள். புத்தகத்தில் இரும்பு, நிக்கல், கோபால்ட் என்று முடித்துவிட்டார்கள். யாராவது விளக்குங்களேன்.

பாத்திரக்கடைத் தம்பி

அக்கா, காந்தம் ஒட்டாததுதான் நல்ல சரக்கு. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் பர்ஸில் சின்னக் காந்தம் வைத்திருக்கிறார்கள். பாத்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டிவிட்டால் "இது தகரம்ப்பா" என்று அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்களும் வாய் திறப்பதில்லை.

திருமங்கலம் வாத்தியார்

தம்பி வாய் திறந்திருக்கலாம். சொல்ல வேண்டியது இருக்கிறது.

எவர்சில்வர் ஒரே உலோகம் இல்லை அம்மா. இரும்போடு குரோமியம் கலந்த கலவைகள் பல உண்டு; அத்தனையையும் நாம் எவர்சில்வர் என்றே வாங்குகிறோம். 304 என்று முத்திரை போட்டு வருவதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 430 என்ற வகையில் குரோமியம் ஏறக்குறைய அதே அளவு, நிக்கல் மட்டும் கிட்டத்தட்ட இல்லை. இரண்டிலும் மீதி பெரும்பாலும் இரும்புதான். ஆனாலும் 430-இல் காந்தம் பட்டென்று ஒட்டும், 304-இல் ஒட்டாது. இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அதன் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதுதான் இங்கே முக்கியம். நிக்கல் சேரும்போது அந்த அடுக்கு மாறிவிடுகிறது. மாறிய அடுக்கில் இரும்பு அணுக்கள் ஒரே திசையில் சேர்ந்து திரும்புவதில்லை. இதில் வேடிக்கை, நிக்கல் தனியாக இருந்தால் அதுவே காந்தத்திடம் ஓடி வரும்.

விளிம்பில் மட்டும் ஒட்டிய டம்ளரை மகள் கவனித்தாளே, அதற்குத் தனியாகப் பாராட்டுங்கள். 304 தகட்டை அச்சில் வைத்து இழுத்து டம்ளராக்கும்போது, அதிகமாக வளைந்து நசுங்கும் இடங்களில் அணுக்களின் அடுக்கு ஓரளவு சாதா இரும்பின் அடுக்காகவே மாறிவிடும். அங்கே மட்டும் லேசாகப் பிடிக்கும். போலிச் சரக்கு என்று அர்த்தம் இல்லை.

பத்தியில் "எவர்சில்வர்" என்று எழுத வேண்டாம். "சாப்பாட்டுத் தட்டு", "டிபன் பாக்ஸ்" என்று பொருளின் பெயரை எழுதட்டும். பார்த்ததை எழுதுவதுதான் அறிவியல் நோட்டு. ஆசிரியர் கேட்டால் டம்ளர்களையே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டட்டும்.

இனி தம்பிக்கு. நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை எவர்சில்வர் சந்தையில் நிறைய ஓடுகிறது. அதிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் உப்பும் புளியும் படும் பாத்திரத்தில் அது 304 அளவுக்குத் தாங்காது. ஆக, ஒட்டாததெல்லாம் நல்லது என்ற கணக்கு இங்கே உதைக்கிறது. 430-உம் துருப்பிடிக்காத எஃகுதான், தகரம் இல்லை.

பாத்திரக்கடைத் தம்பி

அப்படியே வைத்துக்கொள்வோம் சார். ஆனால் ஒன்று, இண்டக்‌ஷன் அடுப்பு வந்த பிறகு கதை தலைகீழாகிவிட்டது. இப்போது பாதிப் பேர் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். 304 பாத்திரத்துக்கு அடியில் ஒட்டுகிற வகைத் தகட்டைத் தனியாக வைத்து அழுத்தி "இண்டக்‌ஷன் பேஸ்" என்று விற்கிறோம். அதே ஆள், அதே காந்தம். போன தடவை ஒட்டக் கூடாது, இந்தத் தடவை ஒட்ட வேண்டும்.

காயலான் கடை

எங்கள் தொழிலில் காந்தம் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. தள்ளுவண்டியில் போகிற பையன் கழுத்திலேயே கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பான். குத்துவிளக்கு என்று கொண்டுவருவார்கள். மேலே பித்தளை மாதிரி மின்னும். காந்தத்தை வைத்தால் பட்டென்று ஒட்டும். உள்ளே இரும்பு, மேலே முலாம். பித்தளை, செம்பு, அலுமினியம், ஈயம் எதுவும் ஒட்டாது. ஆனால் ஒட்டாததில் எது பித்தளை, எது வேறு என்று காந்தம் சொல்லாது. அதற்கு அரத்தால் ஓர் இழுப்பு, அப்புறம் கண்ணால் பார்க்க வேண்டும். விளக்கின் தண்டுக்குள் மரையாணி மட்டும் இரும்பாக இருக்கும், அந்த இடத்தில் ஒட்டும். அதை வைத்து முழு விளக்கையும் இரும்பு விலைக்குக் கேட்கிறவர்களும் உண்டு. விற்கிறவர்கள் கவனமாக இருங்கள்.

பட்டறை

தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகை வேலை. அரத்தால் ராவும்போது விழும் தங்கப் பொடியைச் சேர்த்து வைப்போம். அதில் அரத்தின் இரும்பும், உடைந்த அறுவை வாள் துணுக்கும் கலந்திருக்கும். உருக்குவதற்கு முன்னால் காந்தத்தைப் பொடிக்குள் நாலு பக்கமும் ஓட்டுவோம். இரும்பு எல்லாம் காந்தத்தோடு வந்துவிடும், தங்கம் அங்கேயே கிடக்கும். காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ஓட்டுவதுதான் வழக்கம். கவரை உருவினால் இரும்புத்தூள் தானாக உதிரும். இல்லையென்றால் காந்தத்தில் ஒட்டியதை எடுப்பதற்குள் பொழுது போய்விடும். ஒட்டி வந்ததிலும் தங்கம் சிக்கியிருக்கும், அதை உதறிவிட்டுத்தான் போடுவோம். தங்கமாச்சே.

வீட்டில் காந்தம் வைத்துத் தங்கத்தைச் சோதிக்கிறவர்களுக்கு: ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. ஒட்டவில்லை என்றால் சாதா இரும்பு இல்லை, அவ்வளவுதான். செம்பும் வெள்ளியும்கூட ஒட்டாது. செயின் கொக்கிக்குள் ஸ்பிரிங் இருந்தால் அது எஃகாக இருக்கும். கொக்கி மட்டும் ஒட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

கூடல்நகர் அம்மா

எல்லோருக்கும் நன்றி. நோட்டில் டம்ளரைப் படம் போட்டு, ஒட்டிய இடத்தைச் சிவப்பில் அடித்திருக்கிறாள். இப்போது உண்டியலை உடைத்துக் காசுகளில் இறங்கிவிட்டாள். இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஒட்டுகின்றன. மாமியார் எடுத்து வைத்திருக்கும் எண்பதுகளின் ஒரு ரூபாய் ஒட்டவில்லை. மாமனாரின் டப்பாவில் இருந்த 1950-ஆம் வருஷத்து ஒரு ரூபாய் ஒட்டுகிறது. பழசு ஒட்டுகிறது, நடுவில் உள்ளது ஒட்டவில்லை, புதுசு ஒட்டுகிறது என்றால் என்ன கணக்கு?

திருமங்கலம் வாத்தியார்

அருமையான வரிசை. பாடப்புத்தகத்தில் இதைப் போட்டிருக்கலாம்.

1950-இல் வந்த ஒரு ரூபாய் சுத்த நிக்கல். இரும்பு துளியும் கிடையாது, ஆனாலும் ஒட்டும். நிக்கலைக் காந்தம் ஈர்க்கும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், ஒரு நிக்கல் பொருளைக் கையில் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். தாத்தா டப்பாவில் இருப்பது அதுதான். பத்திரமாக வையுங்கள். எண்பதுகளின் காசு முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். அவ்வளவு செம்பு கலந்ததும் நிக்கலின் காந்தக் குணம் அறை வெப்பத்தில் போய்விடுகிறது. 1992 முதல் வரும் ஒரு ரூபாய் நிக்கல் சேராத துருப்பிடிக்காத எஃகு. அதாவது உங்கள் டிபன் பாக்ஸின் உறவுக்காரன்.

பத்தாம் வகுப்புப் பையன்

சார், ஒரு கேள்வி. ஒரே மாதிரி இரண்டு கம்பி. ஒன்று காந்தம், ஒன்று சாதா இரும்பு. வேறு எந்தப் பொருளும் இல்லாமல் எது காந்தம் என்று கண்டுபிடிக்க வேண்டும். டியூஷனில் கேட்டார்கள். ஒட்டினால் காந்தம் என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள்.

யானைமலை அடிவாரம்

நூலில் கட்டித் தொங்கவிடு தம்பி. வடக்கு தெற்காக நிற்பது காந்தம்.

திருமங்கலம் வாத்தியார்

யானைமலை சொன்னது சரியான வழிதான், ஆனால் நூல் வந்துவிட்டதே. வேறு பொருள் இல்லாமல் என்பதுதானே கேள்வி.

காந்தம் இரும்பை இழுக்கும். இரும்பும் காந்தத்தை அதே அளவு இழுக்கும். அதனால் இரண்டும் ஒட்டிக்கொண்டன என்பதை வைத்து யார் காந்தம் என்று சொல்ல முடியாது. காந்தத்தின் பலம் இரண்டு முனைகளில்தான் இருக்கிறது, நடுவில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இங்கேதான் விடை இருக்கிறது. முதல் கம்பியின் முனையை இரண்டாவது கம்பியின் நட்டநடுவில் வை. நன்றாக இழுத்தால் கையில் இருக்கும் முதல் கம்பி காந்தம். இழுக்கவில்லை என்றால் கீழே இருக்கும் இரண்டாவது கம்பிதான் காந்தம். நீ அதன் பலமில்லாத இடத்தைத் தொட்டிருக்கிறாய்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் படி. ஒரு பொருள் காந்தம்தான் என்று உறுதியாகச் சொல்ல ஈர்ப்பு போதாது, விலக்கு வேண்டும். இரும்பு எந்தக் காந்தத்தையும் எந்தப் பக்கத்திலும் விலக்காது. விலக்கித் தள்ளுகிறது என்றால் அங்கே இரண்டு காந்தங்கள் இருக்கின்றன. தேர்வில் வந்தாலும் வராவிட்டாலும் இதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

பத்தாம் வகுப்புப் பையன்

புரிந்தது சார். காந்தத்தை நடுவில் உடைத்தால் வடக்கு ஒரு துண்டு, தெற்கு ஒரு துண்டு என்று பிரியாதா? ஸ்பீக்கர் காந்தம் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. உடைந்த இடத்தைச் சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று தள்ளுகிறது. முன்னால் ஒன்றாகத்தானே இருந்தது?

லேத்து

அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. வட்டக் காந்தம் உடைந்தால் மறுபடி சேர்க்கவே முடியாது, முறைத்துக்கொண்டு நிற்கும்.

திருமங்கலம் வாத்தியார்

ஸ்பீக்கர் காந்தத்தில் முனைகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். பள்ளிக்கூடத்துச் சட்டக் காந்தத்தில் இரண்டு நுனிகளில். வட்டக் காந்தத்தில் அப்படி இல்லை, மேல் தட்டை முகம் முழுக்க ஒரு முனை, கீழ் முகம் முழுக்க மறுமுனை. அதை வட்டத்துக்குக் குறுக்கே உடைத்தால் இரண்டு துண்டிலும் மேல்முகம் வடக்கு என்றால் வடக்குதான். ஒரே முனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தள்ளத்தானே செய்யும். ஒரு துண்டைப் புரட்டிப் போடுங்கள், உடனே ஒட்டிக்கொள்ளும். உடைந்த விளிம்பு பொருந்தாது, ஆனால் ஒட்டும். முன்னால் ஒன்றாக இருந்தபோதும் அந்தத் தள்ளல் உள்ளே இருந்துகொண்டேதான் இருந்தது. பொருளின் கெட்டித்தன்மை பிடித்து வைத்திருந்தது.

வடக்கையும் தெற்கையும் பிரிக்க முடியாது. எவ்வளவு சின்னதாக உடைத்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனை. ஏனென்றால் காந்தத்தன்மை நுனியில் பூசி வைத்தது இல்லை, உள்ளே ஒவ்வோர் அணுவுக்கும் அது இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இப்படிச் சொல்லலாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக்குள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். ஒரு கும்பல் பாலத்தைப் பார்க்கிறது, ஒரு கும்பல் மொட்டை போடும் இடத்தைப் பார்க்கிறது. குதிரை வாகனம் தெரிந்ததும் அத்தனை முகமும் ஒரே பக்கம் திரும்பும். சாதா இரும்பு, குதிரை வருவதற்கு முந்திய கூட்டம்: உள்ளே சின்னச் சின்னப் பகுதிகள் தனித்தனித் திசையில் நின்று ஒன்றின் பலத்தை ஒன்று அழித்துவிடும். காந்தத்தைக் கிட்டே கொண்டுவந்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும், இரும்பும் தற்காலிகமாகக் காந்தமாகும். அதனால்தான் காந்தத்தில் ஒட்டிய ஆணியின் நுனியில் இன்னோர் ஆணி தொங்குகிறது. காந்தத்தை எடுத்ததும் தேனிரும்பில் பெரும்பாலும் பழையபடி கலைந்துவிடும். எஃகில் அவ்வளவு சீக்கிரம் கலையாது.

லேத்து

எஃகில் கலையாது என்பது சத்தியம். ஸ்க்ரூடிரைவர் நுனியை ஸ்பீக்கர் காந்தத்தில் ஒரே திசையில் பத்துப் பதினைந்து தடவை தேய்த்தால் போதும், சின்ன ஸ்க்ரூவைத் தூக்கிப் பிடிக்கும். முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது, போகும்போது தேய், வரும்போது கையைத் தூக்கு. சுத்தியலால் நாலு தட்டு தட்டினாலும், நெருப்பில் காட்டினாலும் போய்விடும்.

மேலூர் ரைஸ்மில்

அறுவடை மிஷின் வந்த பிறகு நெல்லில் இரும்பு அதிகம். நட்டு, போல்ட்டு, கம்பித் துண்டு, சாக்குத் தைக்கும் ஊசி. மிஷினுக்குள் போவதற்கு முன் நெல் ஒரு காந்தத் தகட்டின் மேல் விழுந்து ஓடும். தினமும் துடைக்காவிட்டால் ஒட்டியதன் மேல் ஒட்டி, வெளியில் இருக்கும் ஆணியைக் காந்தம் சரியாகப் பிடிக்காது, நெல்லோடு போய்விடும். மிளகாய் அரைக்கும் மில்லில் இது இன்னும் முக்கியம். ஓர் ஆணி உள்ளே போனால் பொறி பறக்கும்.

வைகைக்கரை

மணலில் காந்தத்தை இழுத்தால் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் தூள், அது இரும்புத்தூள்தானே? சின்ன வயதில் டப்பா டப்பாவாகச் சேர்த்திருக்கிறோம்.

திருமங்கலம் வாத்தியார்

தனி இரும்பு இல்லை. பெரும்பாலும் மாக்னடைட் என்ற தாது, இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. மேற்கே மலைப் பாறைகள் கரைந்து ஆற்றோடு வருகிறது. சேலம் கஞ்சமலை முழுக்க இருப்பதும் அந்தத் தாதுதான். இயற்கைக் காந்தக்கல் என்று புத்தகத்தில் வருவதும் காந்தமேறிய மாக்னடைட்தான்.

கடையில் இரும்புத்தூள் தேட வேண்டாம் அம்மா, மகளுக்கு இது போதும். காந்தத்தை, பட்டறைக்காரர் சொன்ன மாதிரி, கவருக்குள் போட்டு மணலில் இழுத்துச் சேர்க்கட்டும். காந்தத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, கறுப்பு மணலைத் தூவி, தாளின் ஓரத்தை விரலால் மெல்லத் தட்டினால் கோடு கோடாகக் கோலம் விழும். சட்டக் காந்தமும் வட்டக் காந்தமும் வேறு வேறு கோலம் போடும்.

ஒத்தக்கடை பைக்

பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்கிறார்களே, நான் மாட்டியிருக்கிறேன். நன்றாகவே கொடுக்கிறது.

லேத்து

அண்ணே, பெட்ரோலைக் காந்தம் ஒன்றும் செய்யாது. காசு கொடுத்து மாட்டிய பிறகு நீங்கள் மெதுவாக ஓட்டுகிறீர்கள், மைலேஜ் கூடுகிறது. கழற்றி வைத்துவிட்டு அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். வண்டியில் காந்தத்துக்கு வேலை வேண்டும் என்றால் ஆயில் இறக்கும் போல்ட்டில் காந்தம் வைத்தது கிடைக்கும். கியர் தேய்ந்து விழும் இரும்புத்தூளைப் பிடித்து வைக்கும். அது நிஜமான வேலை.

யானைமலை அடிவாரம்

எல்லாவற்றையும் இப்படியே அடித்துவிட முடியாது. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா? பூமி ஒரு காந்தம். ரத்தத்தில் இரும்பு. வடக்கே தலை வைத்தால் ரத்தம் தலைக்கு இழுக்கும். இது அறிவியல்தான்.

கே.கே. நகர் குழந்தை மருத்துவர்

ரத்தத்தில் இரும்பு உண்டு, ஆனால் ஆணியில் இருப்பது போல இல்லை. ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுவாகக் கட்டுண்டு கிடக்கிறது. காந்தம் அதை இழுத்துக்கொண்டு போகாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் காந்தப்புலம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா. நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. ஏறக்குறைய 37,000 மடங்கு வித்தியாசம். அந்த இயந்திரத்துக்குள் அரை மணி நேரம் படுத்துவிட்டு வருகிறவர்களுக்கு ரத்தம் ஒரு பக்கம் ஒதுங்குவதில்லை.

பாட்டி சொன்னார் என்று கிழக்கே தலை வைத்துப் படுங்கள், தவறில்லை. காந்தத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

யானைமலை அடிவாரம்

சரி, சாட்சியை வாபஸ் வாங்கினேன். வழக்கு நிற்கிறது.

காயலான் கடை

திசை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் தெருவில் வாஸ்து பார்க்க வந்தவர் திசைகாட்டியை இரும்பு பீரோ மேல் வைத்துப் பார்த்துவிட்டு, வாசல் திசையே தப்பு, இடிக்க வேண்டும் என்றார். வீட்டுக்காரப் பையன் அதை எடுத்துத் திண்ணையில் வைத்தான். வாசல் சரியாகிவிட்டது.

திருமங்கலம் வாத்தியார்

நல்ல பையன். பீரோ, கான்கிரீட் தூணுக்குள் இருக்கும் கம்பி, செல்போன் ஸ்பீக்கர் எல்லாமே ஊசியைத் திருப்பும்.

திசைகாட்டி விஷயத்தில் நமக்கு ஓர் இடத்து வசதி இருக்கிறது. லண்டனில் காந்த ஊசியை நடுவில் தொங்கவிட்டால் அதன் வடமுனை தரையை நோக்கி ஏறத்தாழ 66 டிகிரி சாய்ந்துவிடும். அங்கே பூமியின் காந்தக் கோடுகள் செங்குத்தாகத் தரைக்குள் இறங்குவதற்குப் பக்கமாக இருக்கின்றன. மதுரையில் அந்தச் சாய்வு சில டிகிரிதான், ஊசி கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். காந்த நடுக்கோடு, அதாவது ஊசி துளியும் சாயாத இடங்களைச் சேர்க்கும் கோடு, நமக்குத் தெற்கே பக்கத்தில் போகிறது, அதனால்தான். திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும், 1963 நவம்பர் 21-இல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து போனதற்கும் அந்தக் கோடுதான் காரணம். அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதைப் படிக்க வசதியான இடம் இது.

ஊசித் திசைகாட்டி வீட்டில் செய்வது சுலபம். தையல் ஊசியை லேத்து சொன்ன முறையில் தேய்த்து, ஒரு தெர்மாகோல் துண்டில் செருகித் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணமாக இருக்கட்டும். பாத்திரத்தில் காந்தம் ஒட்டினால் ஊசி அதன் ஓரத்துக்கே போய்விடும். நுனி வடக்கா காது வடக்கா என்பது தேய்த்த திசையையும் முனையையும் பொறுத்தது. அதைத் திருப்பித் தேய்த்துப் பார்த்து அவளே கண்டுபிடிக்கட்டும், சொல்லிவிடாதீர்கள்.

கூடல்நகர் அம்மா

ஊசி வடக்கு பார்க்கிறது. ஆனால் பூமியும் காந்தம் என்றால், ஊசியின் வடமுனையை பூமியின் வடமுனை தள்ளத்தானே வேண்டும் என்கிறாள்.

பத்தாம் வகுப்புப் பையன்

இது எனக்குத் தெரியும். பூமியின் வடக்கில் இருப்பது காந்தக் கணக்கில் தென்முனை. அதனால்தான் ஊசியின் வடமுனையை இழுக்கிறது.

கே.கே. நகர் குழந்தை மருத்துவர்

பையன் சொன்னது சரி. நான் வேறு விஷயத்துக்காகத்தான் இந்த இழைக்குள் வந்தேன். ஸ்பீக்கர் காந்தம், பள்ளிச் சட்டக் காந்தம் பற்றிப் பயம் இல்லை. இப்போது பளபளவென்று குண்டுமணி அளவில் நியோடிமியம் காந்தங்கள் விளையாட்டுச் சாமான்களில் வருகின்றன. எண்பதுகளில் கண்டுபிடித்தது, அளவுக்கு மீறிய பலம். குழந்தை ஒன்றை விழுங்கினால்கூட மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டை விழுங்கினால், அல்லது ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் போனால், குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்து ஒன்றை ஒன்று இழுத்து நடுவில் இருக்கும் சதையை நசுக்கும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று குடல் ஓட்டையாகும். முதலில் வெறும் வாந்தி, வயிற்று வலி என்றுதான் தெரியும். வாழைப்பழம் கொடுத்துத் தானாக வெளியேறும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்தாலே அன்றைக்கே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். நான்கைந்து வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் குண்டுகள் வேண்டவே வேண்டாம். பெரிய நியோடிமியம் காந்தங்கள் இரண்டு மோதினால் விரலுக்கும் ஆபத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டேயே போகக் கூடாது.

கூடல்நகர் அம்மா

சின்னவனுக்கு மூன்று வயது. ஸ்பீக்கர் காந்தத்தோடு நிறுத்திக்கொள்கிறோம் டாக்டர்.

லேத்து

நியோடிமியத்துக்குச் சூடும் ஆகாது. சாதா வகை 80 டிகிரி செல்சியஸ் தாண்டினால் பலம் போக ஆரம்பிக்கும். கீழே போட்டால் கண்ணாடி மாதிரி உடையும். கறுப்பு ஸ்பீக்கர் காந்தம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் அசையாது.

வைகைக்கரை

இரும்பே பழுக்கக் காய்ந்தால் காந்தத்தில் ஒட்டாது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

திருமங்கலம் வாத்தியார்

உண்மை. இரும்புக்கு 770 டிகிரி செல்சியஸ், நிக்கலுக்கு 350-க்குக் கொஞ்சம் மேல். அதற்கு மேலே அணுக்கள் ஆடுகிற ஆட்டத்தில் எதுவும் ஒரே திசையில் நிற்காது. ஆறினால் திரும்ப ஒட்டும், ஆனால் காந்தமாக இருந்த இரும்பு வெறும் இரும்பாகத்தான் திரும்பி வரும். கத்தி செய்கிறவர்கள் சிலர், எஃகு தண்ணீரில் தோய்க்கும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கக் காந்தத்தைக் காட்டுவார்கள். பிடிக்காமல் போனால் பதம் நெருங்கிவிட்டது. திருப்பாச்சேத்தி அரிவாள் அடிக்கிறவர்களுக்கு நிறத்தைப் பார்த்தாலே போதும்.

பத்தாம் வகுப்புப் பையன்

கடைசியாக ஒன்று சார். பிரிட்ஜில் ஒட்டும் ஸ்டிக்கர் காந்தம் ஒரு பக்கம்தான் ஒட்டுகிறது, படம் இருக்கும் பக்கம் ஒட்டவில்லை. காந்தத்துக்கு இரண்டு முகத்திலும் முனை உண்டு என்றீர்களே?

திருமங்கலம் வாத்தியார்

அதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று முனை வைக்கவில்லை. ரப்பரில் கலந்த காந்தப் பொடியை, ஒட்டும் முகத்தில் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மெல்லிய பட்டை பட்டையாகக் காந்தமேற்றியிருக்கிறார்கள். பக்கத்துப் பட்டைகளுக்குள்ளேயே கோடுகள் வளைந்து முடிந்துவிடுவதால் படம் இருக்கும் பக்கம் அநேகமாக ஒன்றும் வராது. அதனால்தான் ஒரு தாளுக்கு மேல் வைத்தால் பிடிக்கிறது, நாலு தாள் வைத்தால் விழுந்துவிடுகிறது. சோதிக்க வேண்டுமா? ஒரே மாதிரி இரண்டு ஸ்டிக்கரை ஒட்டும் முகங்கள் சேரும்படி வைத்து மெதுவாக இழுத்துப் பார். ஒரு திசையில் வழுக்கும், குறுக்கே இழுத்தால் தடக் தடக்கென்று துள்ளும். அந்தத் துள்ளலில் ஒவ்வொரு பட்டையும் கையில் தெரியும்.